செவ்வாயில் நான் கண்ட கிணறு

போன கிழமை எனக்குப் பிரியாவிடை வைத்தீர்கள். மாலை போட்டீர்கள், கேக் வெட்டினீர்கள், நான் ஒருநாளும் செய்யாத நல்ல காரியங்களையெல்லாம் செய்ததாக எழும்பி நின்று சொன்னீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். புதிதாகச் சேர்ந்த நான்கு பேரும் சுற்றி நின்றுகொண்டு, "ரீச்சர், உங்கடை பணி அனுபவங்களை எழுதித் தாங்கோ, எங்களுக்குப் பிரயோசனமாயிருக்கும்" என்றீர்கள். சரி, வினையை விலைக்கு வாங்கிவிட்டீர்கள், வாசியுங்கள்.

படத்தை எப்படித் திறப்பது, எப்படிப் பெருப்பிப்பது, படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் எதை எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் வெற்றிகளையும் எழுதப் போவதில்லை. அவை ஒரு தபாலட்டைக்குள் அடங்கிவிடும். நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன். சும்மா பிழை இல்லை. செவ்வாய்க் கிரகத்தில் கிணறு கண்ட பிழை.

நான் மானிப்பாயில் முப்பது வருடம் புவியியல் படிப்பித்துவிட்டு, ஓய்வு பெற்று, வீட்டிலிருந்து பத்திரிகையில் மரண அறிவித்தல் வாசித்து அலுத்துப்போய் இந்தக் கந்தோருக்கு வேலைக்கு வந்தவள். அப்போது கோப்பாய்ச் சந்திக்குக் கிட்ட, மேல்மாடியில் ஒரே ஒரு அறைதான். ஊரில் எல்லாரும் இதைக் 'கல்லுக்கந்தோர்' என்றார்கள். நாங்கள் செவ்வாயில் ஓடும் வாகனம் கிட்டப் பிடித்த பாறைப் படங்களைப் பார்த்து விபரம் எழுதுகிறவர்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும், மாதத்துக்கு ஒருவராவது படியேறி வந்து, "ஒரு லோட் கருங்கல்லு என்ன விலை?" என்று கேட்பார். பெயர்ப்பலகையில் 'செவ்வாய்' என்ற சொல்லையும் சேர்த்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு கருங்கல் கேட்பவர்கள் குறைந்தார்கள், சாதகக் கட்டோடு வருகிறவர்கள் கூடினார்கள். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், என்ரை பிள்ளைக்கு எட்டிலை செவ்வாய். நீங்கள் கிட்டடியிலை நிண்டு பாக்கிறனீங்கள்தானே, ஏதும் செய்யேலாதோ?" என்றார். "அம்மா, நாங்கள் அங்கை கிடக்கிற கல்லைத்தான் பாக்கிறம். செவ்வாயின்ரை மனசை மாத்திற வேலை எங்களிட்டை இல்லை" என்று அனுப்பிவைத்தேன். அவர் கோபித்துக்கொண்டுதான் போனார்.

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். வாகனத்தின் கை நுனியில் இருக்கும் கமெரா, கல்லுக்கு முகம் வைத்துப் படம் பிடிக்கும். படம் முழுவதும் ஒரு முத்திரையளவு இடம். அதில் மணி எப்படி, நிறம் எப்படி, வெடிப்பு எங்கே, பள்ளம் எங்கே என்று எழுதி, கடலுக்கு அங்காலை இருக்கும் ஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். முதலாம் கண் ஒருவர், படிவத்தை அனுப்புகிறவரும் அவர்தான்; இரண்டாம் கண் இன்னொருவர். இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனி வரி எழுத வேண்டும். கண்டதை எழுத வேண்டும், கருதினதை எழுதக்கூடாது. இந்த இரண்டு விதியையும் சுவரில் ஒட்டியவள் நான்தான். எழுத்தும் என் எழுத்துத்தான், முத்துமுத்தான எழுத்து.

அந்த நாளில் என்னோடு இரண்டாம் கண்ணாக இருந்தவர் ஜெனிற்றா. நீங்கள் வருமுன்னே இங்கிருந்து போய்விட்டவர். குருநகர்ப் பிள்ளை, தகப்பனும் தமையன்மாரும் கடற்றொழில். கணினி படித்துவிட்டு ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு வந்தவர். அந்த ஆறாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. நிரந்தரமாக்குவதா அனுப்பிவிடுவதா என்று அங்காலைக் குழுவின் தலைவி முடிவு செய்வார். அறிக்கை எழுத வேண்டியவள் நான். இதற்கிடையில் கட்டாரில் ஒரு பெரிய கடையில் காசாளர் வேலை வந்திருந்தது. கடவுச்சீட்டும் எடுத்தாகிவிட்டது.

"அம்மா ஒரே பிடியா நிக்கிறா, ரீச்சர். கல்லுப் பாத்து ஆர் முன்னுக்கு வந்தது எண்டு கேக்கிறா. நிரந்தரமாப் போட்டாத்தான் அவவுக்குப் பதில் சொல்லலாம். இல்லாட்டி மாதக் கடைசியிலை பிளேன் ஏத்திவிட்டிடுவா" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு கையில் பார்சலை வைத்துக்கொண்டு மற்றக் கையால் பழைய படங்களைத் தட்டித் தட்டிப் பார்க்கும். கட்டாருக்குப் போகிற ஆள் அப்படிப் பார்க்காது.

நாள் செவ்வாய்க்கிழமை என்று எழுத ஆசைதான், பகிடிக்குப் பொருந்தும். ஆனால் வியாழக்கிழமை. காலை ஒன்பதரைக்குப் படம் வந்தது. திறந்தேன். என்ரை கடவுளே! கல்லு முழுக்க ஓட்டை, உருண்டை உருண்டையாக, வரிசை கெட்டு, அடுத்தடுத்து. எங்கள் வளவுக் கிணற்றின் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டுபோய்ச் செவ்வாயில் வைத்தமாதிரி. எங்கள் வலிகாமப் பக்கத்தில் நிலத்தைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் தின்ற ஓட்டை. ஓட்டையில்லாத கல்லைக் கண்டால்தான் நாங்கள் சந்தேகப்படுவோம்.

"தவம், ஒருக்கா இஞ்சை வாரும்!" என்றேன். தவம் எங்கள் கணினிகளையும் இணையத்தையும் பார்த்துக்கொண்டவர், நீர்வேலி ஆள். வந்து பார்த்தார்.

"அச்சொட்டா எங்கடை கிணத்துக் கல்லு, ரீச்சர்!"

எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. ஜெனிற்றா மட்டும் தன் திரையில் அதே படத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, உமக்கு என்ன தெரியுது?"

"எனக்கு ஓட்டை தெரியேல்லை, ரீச்சர். குண்டுமணி மாதிரி வெளியாலை தள்ளிக்கொண்டெல்லோ நிக்குது."

"உமக்கு எந்தக் கண்ணிலை கோளாறு?"

"எங்கடை வீட்டிலை கிணறில்லை, ரீச்சர். பைப்புத் தண்ணிதான். அதாலையோ தெரியாது." நக்கல் இல்லை, உண்மையாகவே சொன்னார். "வெளிச்சம் கீழ்ப்பக்கத்தாலை வருதெண்டு படத்தின்ரை தரவிலை கிடக்கு. ஒருக்காப் பாருங்கோவன்."

"வெயில் மேலையிருந்துதான் எறிக்கும், பிள்ளை. கீழையிருந்து எறிக்க அதென்ன அடுப்போ?"

தவம் சிரித்தார். ஜெனிற்றா சிரிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, இரண்டாம் கண் பெட்டியில் தன் வரியை எழுதினார்: 'மேலெழுந்த சிறு உருண்டைகள். வெளிச்சம் கீழ் இடப்பக்கத்திலிருந்து.'

இப்போது நான் செய்த வேலையைச் சொல்கிறேன். அதற்கு முந்தின கிழமை அங்காலைத் தலைவி, 'உங்கள் அறையிலிருந்து ஒரே படத்துக்கு இரண்டு விதமான பதில் வருவது கூடிப்போயிற்று' என்று ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன். இன்னொரு சாட்டும் கண்டுபிடித்தேன்: இன்னும் ஒன்பது நாளில் முடிவு வரப்போகிற பிள்ளை, இப்படியொரு பிழையான வரி போனால் அதன் பெயர் கெட்டுவிடும், நல்லதுக்குத்தான் செய்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டு அந்த வரியை அழித்தேன். தேங்காய்ப்பூவுக்குள் விழுந்த சிரட்டைத் துண்டை எடுத்து எறிகிற நேரம்கூட ஆகவில்லை.

பிள்ளைகளே, அடுத்தவருக்கு நல்லது செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவருக்குத் தெரியாமல் ஏதாவது செய்கிறீர்கள் என்றால், கையை எடுத்துவிட்டு எழும்பிப்போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். எனக்கு அப்போது தேத்தண்ணி நினைவு வரவில்லை. அழித்ததோடு நில்லாமல், 'தண்ணீரால் கரைந்த சுண்ணாம்புக்கல்லை ஒத்த பள்ளங்கள்' என்று கருதினதையும் எழுதி, அனுப்பிவிட்டேன். சுவரில் என் முத்துமுத்தான எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதோடாவது சும்மா இருந்தேனா? பத்தரைக்கு மச்சாளுக்குப் போன் எடுத்தேன். "ஒருத்தருக்கும் சொல்லாதை. செவ்வாயிலை எங்கடை கிணத்துக் கல்லு மாதிரி ஒண்டு கண்டிருக்கிறன்." மச்சாளுக்கு வாய் நிற்காது என்று எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். என் வாய் நின்றிருந்தால் அவர் வாயைப் பற்றிக் கவலைப்படத் தேவையே வந்திராது. பன்னிரண்டு மணிக்குத் தவம் சாப்பாடு எடுக்கக் கடைக்குப் போனபோது, 'கிணத்துக் கல்லு மாதிரி' என்ற பகுதியில் கல்லும் மாதிரியும் கழன்று, செவ்வாயில் கிணறு என்று ஆகியிருந்தது. கடைக்காரர் தவத்துக்கு ஒரு வடை கூடப் போட்டுக் கொடுத்தாராம்.

ஒன்றரை மணிக்கு, அங்கே விடிந்து அவர்கள் கந்தோருக்கு வந்த நேரம், தலைவியிடமிருந்து பதில் வந்தது. வாகனம் ஓடும் அந்தச் சமவெளியில் சுண்ணாம்புக்கல்லுக்கு இடமில்லை, அது எரிமலைக் கல் என்று எழுதியிருந்தார். காற்று அரித்த பள்ளங்களை ஆயிரக்கணக்கில் பார்த்தாகிவிட்டது, ஆகவே இந்தக் கல்லை விட்டுவிடுகிறோம், யாழ்ப்பாண நேரம் மூன்றரைக்கு நாளைய திட்டம் பூட்டப்படும், வாகனம் அடுத்த இடத்துக்குப் போகும். அவ்வளவுதான். வாகனம் ஒருநாளும் திரும்பி வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கல்லை விட்டுப் போனால் விட்டதுதான்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் கிணறு கொடுக்கிறேன், அவர்கள் வெறும் பள்ளம் என்று சொல்லிக் கடந்து போகிறார்களே! படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து மேசையில் விரித்துப்போட்டு, அவர்களுக்கு நீளமாக ஒரு பதில் எழுதப் பாயிண்டு சேர்த்துக்கொண்டிருந்தேன். ஜெனிற்றா அன்று அனுப்பிய படிவத்தைத் திறந்து பார்த்தார். தன் பெட்டி வெறுமையாக இருந்ததைக் கண்டார். அவர் கண்டதை நானும் கண்டேன். என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மூடிவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

மூன்று மணியிருக்கும். படியில் தடதடவென்று சத்தம். தலையில் ஹெல்மெற், கையில் சீமெந்துப் புழுதி, நாற்பது வயதுக்காரர் ஒருவர் கதவடியில் வந்து நின்றார்.

"இஞ்சைதானே செவ்வாயிலை கிணறு கண்டது?"

"ஆர் சொன்னது?"

"கோப்பாய் முழுக்க அதுதானே கதை. நான் கிணறு வெட்டிக் கட்டிற ஆள். நல்ல தண்ணியோ, உவர்த் தண்ணியோ?"

உலகத்தில் எத்தனையோ விஞ்ஞானிகள் செவ்வாயில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டிருப்பார்கள். நல்ல தண்ணியா உவர்த் தண்ணியா என்று கேட்கிறவர் யாழ்ப்பாணத்தில்தான் இருப்பார். தவம் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவதுபோல் சிரித்தார்.

"தண்ணி இல்லை, தம்பி. கிணறும் இல்லை. கல்லிலை சின்னச் சின்ன ஓட்டை. ஒவ்வொண்டும் மிளகாய் விதையளவு."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. "மிளகாய் விதையோ? உதுக்கே இந்தக் கூத்து? நான் உரும்பிராயிலை வேலையை விட்டிட்டெல்லோ வந்தனான்." வந்ததற்கு ஒரு பார்வையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று மேசையடிக்கு வந்தார். நான் இந்தப் பக்கம் இருந்ததால், அவர் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று தாளைக் குனிந்து பார்த்தார்.

"உதென்ன, ஓட்டை எண்டியள்? புடைச்செல்லோ நிக்குது!"

"ஓட்டைதான். இஞ்சாலை வந்து பாருங்கோ."

அவர் மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார். பார்த்தார். மறுபடி எதிர்ப்பக்கம் போனார். பார்த்தார். ஹெல்மெற்றைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இஞ்சாலை நிண்டா ஓட்டை, அங்காலை நிண்டாப் புடைப்பு. கிணத்துக்கை இறங்கினா இந்தக் கண்கட்டு வித்தை எங்களுக்கும் இருக்கு, ரீச்சர். ரோச் லைற்றைக் கீழையிருந்து பிடிச்சா ஓட்டையெல்லாம் முட்டு முட்டா நிக்கும், முட்டெல்லாம் ஓட்டையாத் தெரியும். ரோச்சை நம்பினா மண்டை உடையும். நாங்கள் கையாலை தடவித்தான் பாப்பம்."

"எங்களுக்குத் தடவ ஏலாது."

"அப்ப வெளிச்சம் எங்காலை எண்டெண்டாலும் பாருங்கோவன்."

அடுப்பிலிருந்தோ வெயில் எறிக்கும் என்று காலையில் கேட்டவள் நான்தான். படத்தின் தரவைத் திறந்தேன். அந்தக் கமெரா வாகனத்தின் கை நுனியில் எந்தப் பக்கமும் திரும்பும். படத்தின் மேல்பக்கம் என்பது வானத்தின் பக்கம் இல்லை. இதை நானே மூன்று வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். தரவில் வெயில் கீழ் இடப்பக்கம் என்று தெளிவாக இருந்தது. ஜெனிற்றா காலையில் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அந்தக் கல்லில் ஓட்டை ஒன்றுமே இல்லை. மெத்தென்ற கல் தேய்ந்துபோக, அதற்குள் இருந்த கடின உருண்டைகள் மட்டும் தேயாமல் வெளியே நின்றன. அந்தச் சமவெளியில் அதுவரை ஒருவரும் கண்டிராத கல்லை, பள்ளம் என்று சொல்லி, வாகனம் விட்டுவிட்டுப் போகும்படி செய்யப் பார்த்திருக்கிறேன்.

கிணறு வெட்டுகிறவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப கிணறு இல்லையோ?"

"இல்லை, தம்பி."

"சரி. வெட்டிறதெண்டாச் சொல்லுங்கோ" என்று ஹெல்மெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். இந்த வேலையில் எனக்கு யார் குரு என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

மூன்று ஐந்து. திட்டம் பூட்ட இருபத்தைந்து நிமிடம். பிழையைத் திருத்தி அனுப்புவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. அவ்வளவு கெட்டவள் இல்லை நான். எப்படித் திருத்துவது என்பதில்தான் என் குணம் வெளியே வந்தது. 'இரண்டாம் கண் காலையிலேயே சரியாகச் சொன்னார், நான் அந்த வரியை அழித்தேன்' என்று எழுதலாம். அல்லது 'மீண்டும் பார்த்தேன், உருண்டைகள்' என்று எழுதலாம். இரண்டாவது சுருக்கம். நேரமும் இல்லை, நேரமில்லாதபோது சுருக்கமாகத்தானே எழுத வேண்டும்! மனம் எவ்வளவு கெட்டித்தனமாக வேலை செய்கிறது என்று பாருங்கள். 'முதலாம் கண்: மறுபார்வையில் பள்ளங்கள் அல்ல, மேலெழுந்த சிறு உருண்டைகள். வெளிச்சம் கீழ் இடப்பக்கத்திலிருந்து.' ஜெனிற்றாவின் வரியைச் சொல் மாறாமல் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன். இரண்டாம் கண் பெட்டி வெறுமையாகவே போனது.

மூன்று முப்பத்தெட்டுக்குப் பதில் வந்தது: வாகனம் நிற்கும், கல்லைப் பார்க்கும். தவம் கை தட்டினார், கீழே ஓடிப்போய் வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். ஜெனிற்றாவுக்கு நானே எழும்பிப்போய் வடை நீட்டினேன்.

"வேண்டாம். வயிறு சரியில்லை" என்றார்.

நாலு மணிக்கு அங்காலைத் தலைவியோடு வழக்கமான காணொளிப் பேச்சு. நாங்கள் மூன்று பேரும் ஒரே திரைக்கு முன்னால் இருந்தோம். தலைவி நன்றாகச் சிரித்த முகத்தோடு வந்தார். தன் வார்த்தையைத் தானே திருப்பி எடுக்க நெஞ்சுரம் வேண்டும், ரீச்சருக்கு அது இருக்கிறது என்றார். காது குளிர்ந்தது என்று பொய் சொல்லமாட்டேன்; காது சுட்டது. ஆனாலும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். அத்தோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கும் வாய் திறந்திருக்கமாட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் முடிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வேறு குரலில், "ஜெனிற்றாவின் விடயம்" என்று தொடங்கினார். இந்த மாத முடிவுக்காக அவருடைய வரிகளையெல்லாம் பார்த்து வருவதாகவும், இன்றைக்கு, இவ்வளவு முக்கியமான படத்தில், காலையிலும் பிற்பகலிலும் அவருடைய பெட்டி வெறுமையாக இருந்ததாகவும் சொன்னார். இப்படியொரு நாளில் ஒன்றும் எழுதாத இரண்டாம் கண்ணை நிரந்தரமாக்குவது கடினம், ரீச்சர் என்ன நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார்.

ஜெனிற்றா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தவம் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரியும்.

அந்த நேரம் என் இங்கிலிஷ் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னேன். பெட்டி வெறுமையாக இருக்கவில்லை. அவர் எழுதினார். நான் அழித்தேன். காலையில் அவர் சரி, நான் பிழை. பிற்பகல் அனுப்பியதும் அவருடைய வரி. என் பெயரை ஒட்டி அனுப்பினேன்.

இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துத் தவம் எழும்பினார். அறவில்லை.

"ஏன் அழித்தீர்கள்?" என்றார் தலைவி.

எத்தனையோ சாட்டுகள் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "நான் ரீச்சர். முப்பது வருடம் மற்றவர்களின் பிழையைத் திருத்தினேன். என் பிழையை இன்னொருவர் திருத்துவது எனக்குப் பழக்கமில்லை" என்றேன். கண்ணீரும் வந்தது. கோதாரி, அதுவும் அந்தக் கமெராவுக்கு முன்னால்.

தலைவி ஜெனிற்றாவிடம் காலையில் என்ன கண்டார் என்று கேட்டார். அவர் சொன்னார்: வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் உருண்டையின் எந்தப் பக்கம் விழுந்தது, இரண்டு உருண்டைகள் ஒட்டியிருந்த இடத்தில் நிழல் எப்படி மடிந்தது. ஓட்டையில் நிழல் அப்படி மடியாது. ஐந்தாறு வசனம்தான். நான் ஒரு நாள் முழுக்கப் பார்த்தும் காணாததைப் பிள்ளை அரை நிமிடத்தில் சொல்லி முடித்தது. தலைவி குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார்.

தவம் கோப்பைகளைக் கழுவப் போனார். மூன்று கோப்பை கழுவ அவ்வளவு நேரம் எடுத்தவரை நான் கண்டதில்லை.

"ஜெனிற்றா, என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

"மத்தியானமே கண்டிட்டன் அழிச்சிருக்கெண்டு" என்றார். குரலில் கோபம் இல்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீங்கள் சொல்லுறியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"சொல்லாட்டி?"

"இண்டைக்கு இரவே அம்மாவுக்கு ஓமெண்டு சொல்லியிருப்பன். கட்டாரிலை காசாளருக்கு முன்னாலை காசை எண்ணித்தானே பாப்பினம். ஆரும் அழிக்கேலாது."

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாதக் கடைசியில் இரண்டு கடிதம் வந்தன. ஜெனிற்றாவுக்கு நிரந்தரம். எனக்கு எச்சரிக்கை: ஒரு மாதத்துக்கு என் வரி எதுவும் ஜெனிற்றா பார்க்காமல் போகக்கூடாது. நியாயம்தான். கடிதத்தைக் கிழித்து எறியவில்லை, நீங்கள் பார்க்க வேண்டுமானால் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. மச்சாள் மட்டும், "அப்ப கிணறு என்னாச்சு?" என்று தீபாவளி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் கடிதத்தோடு தண்டனை முடியவில்லை. ஜெனிற்றா வேலையெல்லாம் சரியாகச் செய்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், காலையில் வரும்போது தலையசைத்தார். 'ரீச்சர்' என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை. "இதைப் பாருங்கோ", "அது வந்திட்டுது", "நான் போட்டு வாறன்". மூன்று கிழமை என்னை ஒன்றுமே கூப்பிடவில்லை. ஊரெல்லாம் அந்தச் சொல்லால் கூப்பிட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒருவர் கூப்பிடாமல் விட்டபோது தாங்க முடியவில்லை. வீட்டில் போய் அழுதும் இருக்கிறேன்.

நாலாவது கிழமை ஒரு படம் வந்தது. செம்மண் நிறக் கல், குறுக்கே நேரான மெல்லிய வெள்ளைக் கோடுகள் மூன்று. அன்றைக்கு முதலாம் கண் ஜெனிற்றா. எழுதிவிட்டுக் கதிரையைத் திருப்பினார்.

"இரண்டாம் கண் வேணும்" என்றார்.

நான் இந்தத் தரம் ஒன்றையும் விடவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எழும்பி எதிர்ப்பக்கத்திலும் நின்று பார்த்தேன். பிறகு என் பெட்டியில் எழுதினேன்: 'கல்லின் வெடிப்புகளில் படிந்த வெண்ணிறக் கனிம நரம்புகள்.' ஜெனிற்றா அதை வாசித்தார். அவருடைய பெட்டியில் அதற்கு முதலே எழுதியிருந்தது: 'வாகனத்தின் கம்பித் தூரிகை கீறிய கோடுகள். கல்லுக்குச் சொந்தமானவை அல்ல.' அதற்கு முந்தின நாள் திட்டத்தில் அந்தக் கல்லைத் தூரிகையால் துடைத்திருந்தார்கள். அதை அவர் பார்த்திருந்தார், நான் பார்க்கவில்லை.

என் வரி பிழை என்று அந்த நேரமே அவருக்குத் தெரியும். எனக்கும் ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அவர் கை அனுப்பும் பொத்தானுக்குப் போனது.

"பொறும், பொறும்! நான் எழுதினது பிழையெல்லோ? அனுப்ப முதல் அதை அழிச்சுவிடுமன்."

ஜெனிற்றா பொத்தானை அழுத்தினார். இரண்டு வரியும் போயின, அவருடைய சரியும் என் பிழையும், ஒவ்வொன்றின் கீழும் அவரவர் பெயரோடு.

"அது உங்கடை வரி, ரீச்சர்" என்றார். "அதை அழிக்க நான் ஆர்?"